ஏணியை எடுத்தவள்

எந்த இடத்துக்குள் நுழைவதற்கு முன்பும் அவள் வாசலில் ஒரு மூச்சு நேரம் நிற்பாள். விடுதி அறை, வகுப்பு, மெஸ், ஜெராக்ஸ் கடை என்று எந்த வித்தியாசமும் கிடையாது. ஒரு கால் படியில் இருக்கும், கை கதவு நிலையைப் பிடித்திருக்கும், பின்னால் வருகிறவர்கள் அவள் முதுகில் மோதுவார்கள். முதல் வருடம் அதிகம் மோதியவள் நான்தான். நான் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு அலைகிறவள். எனக்கு இப்படி ஒரு அறைத்தோழியைக் கொடுத்த வார்டனை மனதுக்குள் நிறையத் திட்டியிருக்கிறேன்.

"என்னாடி பாக்குற? உள்ள பேயா உக்காந்திருக்குது?"

"இரு, வரன்."

அவ்வளவுதான் பதில். எதற்கு நிற்கிறாள், எதைப் பார்க்கிறாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பையன்கள் அவளுக்கு 'கேட் வால்வு' என்று பெயர் வைத்தார்கள். குழாயில் ஓடுவதை நிறுத்தி வைக்கும் வால்வு அது. நாங்கள் படித்தது கெமிக்கல் என்ஜினியரிங். பட்டப்பெயரும் பாடத்திலிருந்துதான் வரும்.

அவளுடைய சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் கூடவே இன்னொன்றையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

எனக்குக் கெமிக்கல் கிடைத்தது கவுன்சலிங் திரையில் வேறு எதுவும் மிச்சமில்லாததால். தர்மபுரிக்குத் திரும்பி வந்து சொன்னபோது சித்தப்பா, "அப்ப உரக்கடை வெச்சிக்கலாம்" என்றார். அவள் கெமிக்கலைக் கேட்டு வாங்கியவள். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "அது நின்னு பாத்து செய்யிற வேலைன்னு ஸ்கூல்ல சொன்னாங்க" என்றாள். என் வாழ்நாளில் இப்படி ஒரு காரணத்துக்காக என்ஜினியரிங் சேர்ந்தவர்களை வேறு எங்கும் பார்த்ததில்லை.

அவள் வீட்டுக்கு நான் முதலில் போனது ஒரு பொங்கல் விடுமுறையில். நல்லம்பள்ளியில் இறங்கி மினி பஸ் பிடிக்க வேண்டும். நாலு பக்கமும் குச்சிக்கிழங்குக் கொல்லை. மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கோயிலை ஒட்டிய தெருவில் ஓட்டு வீடு, நிலைக்கு மேலே மாதா படம். வாசலில் வழக்கம்போல இவள் நின்றாள், நான் வழக்கம்போல மோதினேன். உள்ளேயிருந்து ஒரு குரல் இடித்தது.

"என்னா மசமசன்னு நிக்கிற? உள்ள வா!"

என்னைத்தான் சொல்கிறார் என்று பதறிவிட்டேன். அவளுடைய அப்பா. கொல்லையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசியே பழகிய குரல்.

"ஒன்ன இல்லம்மா, இவளச் சொன்னன்" என்றார் என்னைப் பார்த்ததும். "பொறந்ததுலருந்து இப்பிடித்தான். வூடு தீப்புடிச்சாலும் நின்னு பாத்துட்டுத்தான் தண்ணி எடுப்பா."

"சோறு பொங்கி வழிஞ்சாலும் அப்பிடித்தாங்க" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து. "ஏன் வழியிதுன்னு பாப்பாளாம்."

இதில் அவளைவிட அவள் அண்ணனுக்குத்தான் சிரிப்பு. அவன் என்னைப் போலவே அவசரக்காரன். பைக்கை முழுசாக நிறுத்தாமலே இறங்கி ஓடுவான். நாங்கள் பையைக் கீழே வைப்பதற்குள் அதை உள்ளே கொண்டுபோய் வைத்து, தண்ணீர் கொண்டுவந்து, கொய்யா மரத்தில் கை வைத்திருந்தான். அப்பா அவனைப் பார்க்கும் பார்வையிலேயே தெரிந்தது. "இவன் நாம சொல்லி முடிக்கறதுக்குள்ள செஞ்சி முடிப்பான்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு வாழை இலையை நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் பொறாமை இல்லை. அவளுக்கும் அண்ணன் என்றால் உயிர். அவன் போட்ட காசில்தான் முதல் வருடம் அவளுக்கு கால்குலேட்டர் வந்தது.

மூன்றாம் வருடம் எங்களுக்குப் பாதுகாப்பு பற்றி ஒரு பாடம் இருந்தது. மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பு, பாதிப் பேர் தூக்கம். பாடம் எடுத்த அம்மா கழிவுத் தொட்டிகளில் உண்டாகும் ஒரு வாயுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். கொஞ்சமாக இருக்கும்போதுதான் அந்த நாற்றமும். அதிகமாகிவிட்டால் மூக்கு செத்துப்போகும். பக்கத்திலேயே இருக்கிறவன் நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைத்து உள்ளே இறங்குவான். அப்போதுதான் வந்தவனுடைய முதல் மூச்சைத்தான் நம்ப வேண்டும். ஒருவன் விழுந்துவிட்டால் காப்பாற்றுகிறேன் என்று இன்னொருவன் குதித்தால் அவனும் பிணம்தான். வாசலில் நின்று பழகுங்கள் என்றார்.

இவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பரிசு வாங்கின குழந்தை முகம்.

"டீ, சின்னப் புள்ளையிலருந்து நான் சரியாத்தான்டி நின்னிருக்கன்."

அன்று சாயங்காலம் கேன்டீனில் எனக்கு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். இருபது வயது வரை வாங்கின திட்டுக்கெல்லாம் ஒரே வகுப்பில் பதில் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

அதற்கப்புறம் அந்த நிற்றலில் ஒரு தெளிவு வந்தது. வாசலில் நின்று, வாயை மூடி, மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாள். ஒரு நாள் காலையில் ஆய்வகத்தின் கதவைத் திறந்ததும் கையை விரித்து எங்களைத் தடுத்தாள். "லைட் போடாதீங்க" என்றாள். நான் ஏற்கெனவே சுவிட்சை நோக்கிக் கையை நீட்டியிருந்தேன். பர்னருக்குப் போகிற கேஸ் குழாயை முந்தின நாள் யாரோ சரியாக மூடாமல் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு கேட் வால்வு என்று கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் மரியாதையோடு கூப்பிட்டார்கள். நான் அவள் முதுகில் மோதுவதைக் குறைத்துக்கொண்டேன்.

கடைசி வருடம், கோடை. பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்தார்கள். அவள் ஊருக்குப் போயிருந்தாள்.

அந்த வருடம் மழை இல்லை. கிணறெல்லாம் தரை தட்டிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு சிறிய சேகோ மில்லிலிருந்து, அதாவது கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற ஆலையிலிருந்து, கழிவுத் தண்ணீரை டேங்கரில் சும்மாவே கொண்டுவந்து ஊற்றுவார்கள். நிறையப் பேர் அதை வாங்கிக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து கொல்லைக்குப் பாய்ச்சினார்கள். அண்ணன் அதற்கென்று நிலத்துக்குள் ஒரு தொட்டி கட்டி, மேலே பலகைக் கல் போட்டு மூடியிருந்தான். உள்ளே மோட்டார் குழாய். கழிவுத் தண்ணீர் அந்த வெயிலில் பல நாள் மூடியே கிடந்தது. ஒரு நாள் குழாயின் வாய் அடைத்துக்கொண்டது.

காலையில் அப்பாவும் அண்ணனும் பலகைக் கல்லை நகர்த்தினார்கள். குடலைப் புரட்டும் நாற்றம். கொஞ்ச நேரம் ஆறட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அப்பா, கிணற்றில் தூர் எடுப்பதற்கு முன்னால் எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதைச் செய்தார். கோயிலுக்கு வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி, பக்கெட்டில் நிறுத்தி, கயிற்றில் கட்டி இறக்கினார். விளக்கு அணைந்தால் உள்ளே காற்று இல்லை, எரிந்தால் இறங்கலாம். மெழுகுவர்த்தி அசையாமல் எரிந்தது.

"எறங்குடா" என்றார் அப்பா.

கிணற்றுக்கு அந்தச் சோதனை சரி. காற்றில்லாததை விளக்கு சொல்லும். விஷத்தை அது சொல்லாது.

இவள் வீட்டிலிருந்து அவர்களுக்கு மோர் கொண்டுபோயிருக்கிறாள். வரப்பு முனையிலேயே நின்றுவிட்டாள். அங்கிருந்தே அவளுக்கு நாறியது.

"அண்ணா, என்னா இப்பிடி நாறுது?"

ஏணியில் பாதி இறங்கியிருந்த அண்ணன் தலையை வெளியே நீட்டிச் சிரித்தான். "காலைலதான் நாறுச்சி. இப்ப நாத்தமே இல்ல பாரு."

"நாத்தமே இல்ல பாப்பா" என்றார் அப்பாவும்.

அவள் சொம்பைப் போட்டுவிட்டு, "மேல வாண்ணா, மேல வா" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அவள் எதற்காகவாவது ஓடி அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் போய்ச் சேர்வதற்குள் அவன் கை ஏணியை விட்டுவிட்டது.

அப்பா துண்டை எறிந்துவிட்டு ஏணியில் காலை வைத்தார். அவள் அவரை இடுப்போடு பிடித்துப் பின்னால் தள்ளினாள். அவர் எழுந்திருப்பதற்குள் ஏணியை உருவி மேலே இழுத்து, தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே தீயணைப்புக்குப் போன் செய்தாள். ஓடிவந்தவர்களிடம் நெல் தூற்றுகிற ஃபேனைக் கொண்டுவந்து உள்ளே காற்று அடிக்கச் சொன்னாள். கொண்டுவந்தார்கள், ஒயர் எட்டவில்லை. ஒயரைத் தேடி ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கும்போதே நேரம் போய்விட்டது. அவ்வளவு நேரமும் அப்பா அவளை அடித்துக்கொண்டிருந்தார். தலையில், முதுகில், கையில் அகப்பட்ட குச்சியால். "வுடுறி, எம்புள்ள உள்ள கெடக்கறான், வுடுறி." அவள் ஏணியை விடவில்லை. அதையெல்லாம் அவள் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மீதியை ஊர் சொல்லியது.

முகமூடி போட்டுக்கொண்டு வந்தவர்கள் அண்ணனைத் தூக்கினபோது உயிர் இல்லை.

நான் அடக்கத்துக்குப் போனேன். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நடுநடுவே குனிந்து பேசிக்கொண்டார்கள்.

"கூடப் பொறந்தவன் உள்ள கெடக்கறான், இவ ஏணிய எடுத்துப் போட்டுட்டு மேல உக்காந்திருந்தாளாம்."

"படிச்ச படிப்பு அதத்தான் சொல்லிக் குடுத்துச்சா?"

அதுதான் அவளோடு ஒட்டிக்கொண்ட பெயர். ஏணிய எடுத்தவ. அவள் ஏணியை விட்டிருந்தால் அன்று அந்த வீட்டில் இரண்டு பெட்டி இருந்திருக்கும் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சாவு வீட்டில் அதை யாரிடம் சொல்வது? நான் அவள் பக்கம், அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் பக்கம் எடுப்பது சுலபம். அந்த ஏணிமேல் உட்கார்ந்து அடிவாங்கியவள் நான் இல்லை.

அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்தினார். போ என்று சொல்லவில்லை. அவள் வீட்டில் இருந்தால் அவர் கொல்லைக்குப் போய்விடுவார், சோற்றுக்குக்கூட வரமாட்டார். அதைப் பார்த்துவிட்டு அவளே கிளம்பிவிட்டாள். மிச்சப் பரீட்சைகளை விடுதியிலிருந்து எழுதினாள். நன்றாகத்தான் எழுதினாள். இரவில் அழுதாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என்முன் அழுததில்லை.

படிப்பு முடிந்ததும் ஓசூரில் இரண்டு பேரும் சேர்ந்து வீடு எடுத்தோம். நான் ஒரு பெயின்ட் கம்பெனியில், அவள் மருந்து செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில். அவள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் யாரும் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்க முடியாது. "அந்தம்மா வந்தா வேலை நடக்காது" என்று கான்ட்ராக்டர்கள் முணுமுணுப்பார்களாம். அவளுக்கு அதெல்லாம் புதிதா என்ன! ஓசூரிலிருந்து ஊர் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். பண்டிகைக்குக்கூடப் போகமாட்டாள். அம்மா கொல்லையில் நின்று ரகசியமாகப் போன் செய்வார். அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று இவள் கேட்பாள்.

ஒரு கல்லறைத் திருநாளன்று மட்டும் அவளுக்குப் பதிலாக நான் போனேன். சாமந்தி மாலை வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி வெளிச்சம். குடும்பம் குடும்பமாக நின்று ஏற்றுகிறார்கள். அண்ணன் கல்லறையில் மட்டும் ஒன்றும் இல்லை. கழுவிச் சுத்தமாக இருந்தது, பூ இருந்தது. அப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்துக் கல்லறையில் ஏற்றிக்கொண்டிருந்தவர் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து நீட்டினார்.

"வேணாங்க" என்றார் அப்பா. "அத எங்கிட்டக் காட்டாதீங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கோபம் மகள்மேல் மட்டும் இல்லை. நான் திரும்பி வந்து அதை அவளிடம் சொன்னேன். அவள், "எறங்குன்னு சொன்னது அவருடி" என்றாள். "வரப்புல வரும்போதே காதுல வுழுந்துச்சி. அத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. நீயும் சொல்லாத." ஊர் முழுக்கத் தன்னைப் பேசியபோதும் அவள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. இப்போது நான் எழுதுவதுகூட, அவர்கள் இரண்டு பேரும் சரி என்று சொன்ன பிறகுதான்.

அதற்கப்புறம் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. திரையில் 'அப்பா' என்று இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டாகிவிடப் போகிறது என்று எனக்கு உயிர் போனது. கையெல்லாம் சோப்பு நுரை, விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா."

"சொல்லுங்கப்பா."

"நம்ம தெரு மேஸ்திரி வூட்டு செப்டிக் டேங்குல பெரியவன் எறங்கி வுழுந்துட்டான். சின்னவன் பின்னாலயே எறங்கப் போனான்." மூச்சு வாங்கினார். "ஏணிய நான் எடுத்துட்டன்."

அவள் நுரைக் கையோடு போனை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"அவங்கம்மா என்னைய அடிச்சிது. மண்ண வாரி மூஞ்சில எறைச்சிது. நான் வுடல பாப்பா. ஏணி மேலயே உக்காந்துட்டன். வண்டி வர்ற வரைக்கும் உக்காந்திருந்தன்."

"பெரியண்ணனுக்கு என்னாச்சிப்பா?"

"போயிட்டான். சின்னவன் இருக்கறான்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் நிறுத்தினேன்.

"பாப்பா, அன்னிக்கி நான் அடிச்சனே, ஒனக்கு ரொம்ப வலிச்சிதா?"

வேறு யாராக இருந்தாலும் 'இல்லப்பா' என்று சொல்லியிருப்பார்கள். நானாக இருந்தால் அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லியிருப்பேன். அவள் ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"வலிச்சிதுப்பா."

அந்தப் பக்கம் அவர் அழுதார். அந்தப் பெரிய குரல் அழும்போது சின்னதாக இருந்தது. "மெழுவத்தி எரிஞ்சிது பாப்பா. நீயும் பாத்திருந்தின்னா தெரிஞ்சிருக்கும். நல்லா எரிஞ்சிது. அதனாலதான் எறங்குன்னு சொன்னன்."

"தெரியும்ப்பா" என்றாள். "நீங்க தெரிஞ்சி சொல்லல." அப்போதுதான் அவளும் அழுதாள். முதல் தடவையாக அவள் அழுது பார்த்தேன்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். நல்லம்பள்ளியில் இறங்கி, மினி பஸ்ஸுக்குக் காத்திராமல் ஆட்டோவில் போனோம். தெருவில் இரண்டு பேர் எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்கள். மேஸ்திரி வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு இளையவன் முகம் இறுகிப்போய் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

அவள் வீட்டில் அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியோரம் ஒரு காயம். சட்டையில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. இவள் வாசலில், மாதா படத்துக்குக் கீழே, ஒரு கால் படியிலும் கை நிலையிலுமாக நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய குரலை வரவழைக்கப் பார்த்தார். பாதிதான் வந்தது.

"என்னா மசமசன்னு நிக்கிற? உள்ள வா."

பின்னால் இருந்த நான் இந்தத் தடவை மோதவில்லை. அவள் நின்ற இடத்திலேயே ஒரு மூச்சு முழுசாக இழுத்தாள். அப்புறம் உள்ளே போனாள்.